அப்பாவின் டப்பாவில் இருந்தது எந்தக் கடலை?

சென்ற தை மாதம் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 7.4இலிருந்து 7.9ஆக உயர்ந்திருந்தது. அவர் மாத்திரையைத் தவறவிடுபவர் அல்லர். காலை நடையையும் விட்டதில்லை. மாலைத் தேநீருடன் உண்டு வந்த முறுக்கையும் பிஸ்கட்டையும் முந்தைய பரிசோதனையோடு நிறுத்திவிட்டார். ‘பசித்தால் கடலை சாப்பிடுங்கள், மாவுச்சத்து குறைவு’ என்று மருத்துவர் கூறியிருந்தார். அதன்படி நாள்தோறும் நான்கு மணிக்கு ஒரு காப்பித் தம்ளர் நிறையக் கடலை. டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது பொட்டுக்கடலை.

“டாக்டரு கடலைன்னுதானம்மா சொன்னாரு. மல்லாட்டைன்னு சொல்லலியே” என்றார் அப்பா.

அவர் மீது பிழையில்லை. மருத்துவர் தென்மாவட்டத்தைச் சேர்ந்தவர். அப்பகுதிப் பேச்சில் அடைமொழியின்றிக் கடலை என்றால் நிலக்கடலை. எங்கள் ஊர் திண்டிவனத்தை அடுத்தது. மணிலாக்கொட்டை என்னும் தொடர் மல்லாக்கொட்டையாகி, பின் மல்லாட்டையாகத் தேய்ந்த வட்டாரம் அது. நிலக்கடலைக்கு அங்கே தனிப்பெயர் இருப்பதால், ‘கடலை’ என்னும் சொல் பொட்டுக்கடலைக்கும் கொண்டைக்கடலைக்கும் உரியதாகவே நின்றுவிட்டது. இருவரும் தமிழில்தான் பேசினர். ஒருவர் சொன்னது மற்றவருக்கு முழுமையாக விளங்கியும் இருக்கிறது, வேறொரு பொருளாக.

தம்ளரை நிறைத்து எடை போட்டேன்: 80 கிராம். இந்திய உணவு அட்டவணைகளின்படி 100 கிராம் பொட்டுக்கடலையில் ஏறத்தாழ 58 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே அப்பாவின் ஒரு தம்ளரில் 46 கிராம். ஒரு கிண்ணம் சோற்றில் இருப்பதற்கு இது சமம். பொட்டுக்கடலை நஞ்சன்று, அதில் புரதமும் நார்ச்சத்தும் உள்ளன, சோற்றைப் போல் அது சர்க்கரையை விரைந்து ஏற்றுவதுமில்லை. அந்த 7.9க்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லவும் நான் மருத்துவம் படித்தவள் அல்லள். எனினும், மாவுச்சத்தைக் குறைப்பதாக எண்ணி ஒருவர் நாள்தோறும் கூடுதலாக ஒரு கிண்ணம் சோற்றுக்கு ஈடானதை உண்டுவந்தார் என்பது உறுதி. வட்டார வழக்கின் எல்லைக்கோடுகளை வரைபடத்தில் இடுவது என் படிப்பின் ஒரு பகுதி. அக்கோடுகளில் ஒன்று எங்கள் வீட்டு இரத்தப் பரிசோதனைத் தாளின் குறுக்கே ஓடும் என்று நான் எண்ணியதில்லை.

ஐதராபாத் திரும்பிய பின் இச்சொற்களைத் தேடத் தொடங்கினேன். கிடைத்தவற்றில் பயன்படும் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கடலைகளுள் மூத்தது கொண்டைக்கடலை. மேற்காசியாவில் பயிராக்கப்பட்டு, ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளாக இந்தியாவில் விளைவது. வடமொழியில் அது சணகம். இந்தியில் சனா, தெலுங்கில் சனக. தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் கடலை, கடல, கடலே என்று ஒரே வேர். நிலக்கடலையோ தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஐரோப்பியர் கடல்வழிகளைத் திறந்த பின்னரே அது இந்தியாவை அடைந்தது. எப்பயிருக்கும் புதிய நாட்டில் முதற்சிக்கல் பெயரில்தான். உழவர் முன் புதிய செடி ஒன்று நிற்கிறது. அதை அவர் தமக்குத் தெரிந்த எதனோடு சேர்ப்பார்?

பெரும்பாலான இந்திய மொழிகள் அதைப் பயறு வகையில் சேர்த்தன. தெலுங்கர் ‘வேருசனக’ என்றனர்: வேரில் காய்க்கும் சனக. தமிழில் வேர்க்கடலை, நிலக்கடலை. கன்னடத்தில் கடலேகாயி. இந்தியின் ‘மூங்ஃபலி’யில் உள்ள மூங், பாசிப்பயறு; மராத்தியின் ‘புய்மூக்’ என்பதற்குப் பொருள் நிலப்பாசிப்பயறு. கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ, ஏதோ ஒரு பயற்றின் உறவினராகவே அது கருதப்பட்டது. தாவரவியல் நோக்கில் இது மிகச் சரியான கணிப்பு. நிலக்கடலை அவரைக் குடும்பத்துச் செடியே. மேலே பூத்து, பூவின் அடியிலிருந்து காம்பொன்று இறங்கி மண்ணைத் துளைத்து உள்ளே காய் வைக்கும் அதன் விந்தையை மட்டும் நீக்கிவிட்டால், இலையும் பூவும் காயும் பயற்றின் சாயலே. லின்னேயஸின் நூல்களைப் படித்திராத உழவர்கள் குடும்பத்தைப் பிழையின்றிக் கண்டுகொண்டனர்.

கிழக்கிந்தியா வேறு வழியில் சென்றது. வங்காளியில் நிலக்கடலையின் பெயர் ‘சீனாபாதாம்’, அதாவது சீனத்துப் பாதாம். பீகாரில் ‘சினியா பாதாம்’. வங்காளியர் பாதாம் என்னும் சொல்லையே ஒரு வகைப்பெயராக்கிக்கொண்டனர். உண்மையான பாதாம் அவர்களுக்குக் ‘காட்பாதாம்’, மரப்பாதாம். முந்திரி ‘காஜுபாதாம்’. கொல்கத்தாவின் தெருவில் ‘பாதாம்’ என்று கூவி விற்பவரின் கூடையில் இருப்பது வறுத்த நிலக்கடலைதான். தாவரவியலின்படி இப்பெயர் முற்றிலும் பிழை; பாதாம் ரோஜாக் குடும்பத்து மரம்.

ஆனால் மாவுச்சத்தை எண்ணி உண்பவருக்கு வங்காளப் பெயரே உண்மையைச் சொல்கிறது. விதை என்பது முளைக்கப்போகும் செடிக்குத் தாய்ச்செடி கட்டித் தரும் கட்டுச்சோறு. கொண்டைக்கடலை அக்கட்டுச்சோற்றைப் பெரிதும் மாவாகச் சேமிக்கிறது. நிலக்கடலையும் பாதாமும் எண்ணெயாகச் சேமிக்கின்றன. 100 கிராம் நிலக்கடலையில் பாதிக்குச் சற்றுக் குறைவு கொழுப்பு, கால் பங்கு புரதம். மாவுச்சத்து அட்டவணைக்கு அட்டவணை மாறுபடும். 16 கிராம் என்பதும் உண்டு, 26 கிராம் என்பதும் உண்டு. நேரடியாக அளக்காமல் மற்றச் சத்துகளைக் கழித்து மிஞ்சியதை மாவுச்சத்து என எழுதும் பழைய முறை இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம். எவ்வெண்ணைக் கொண்டாலும் அது பொட்டுக்கடலையின் 58இல் பாதியை எட்டவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இந்திய உணவுகளின் சத்து அளவுகளைத் தொகுத்து, குன்னூரில் இயங்கிய ஆய்வகத்தின் இயக்குநர் ஆய்க்ராய்ட் 1937இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்த ஆய்வகமே 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் நிலக்கடலை பயறுகளோடு இல்லை; பாதாம், முந்திரி ஆகியவற்றுடன் ‘கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும்’ என்னும் பிரிவில் இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணையோ அதைப் பயறுகளின் பிரிவில் வைத்திருக்கிறது. வங்காளியும் மராத்தியரும் என்றோ பிரிந்த அதே இடத்தில் இரண்டு அரசுகளின் அறிவியலாளர்களும் பிரிந்து நிற்கின்றனர்.

பெங்களூரு பசவனகுடியில் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று கடலேகாயித் திருவிழா நடைபெறும். விளைந்த நிலக்கடலையை ஒரு காளை மேய்ந்து அழித்தது, அதை அமைதிப்படுத்தவே நந்திக்குக் கோயில் எழுந்தது என்பது தலக்கதை. கோயிலைக் கட்டியவர் 16ஆம் நூற்றாண்டின் கெம்பே கவுடா என்பர். தென் அமெரிக்கப் பயிர் ஒன்று அத்தனை விரைவில் மைசூர்ப் பீடபூமியின் நடுவில் வயல் வயலாய் விளைந்து, காளையையும் கவர்ந்திருக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ‘கடலே’ என்னும் பழம்பெயரைத் தாங்கியிருந்ததால் புதுப்பயிர் தலக்கதைக்குள் எளிதாக நுழைந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

எல்லாப் பெயர்களும் உறவுமுறையால் அமைந்தவை அல்ல. சில பெயர்கள் வந்த வழியைச் சொல்கின்றன. எங்கள் ஊர் மணிலாக்கொட்டை பிலிப்பைன்ஸை நினைவூட்டுகிறது. 1565 முதல் ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடின. மலையாளத்தில் அது ‘கப்பலண்டி’. எக்கப்பல் என்று அப்பெயர் சொல்வதில்லை. கடலைப் பார்த்து வாழ்ந்தவர்களுக்குக் கப்பல் என்பதே போதுமானதாக இருந்திருக்கலாம். மேற்குக் கரையில் இறங்கிய முந்திரியின் கதையும் இத்தகையதே. பிரேசிலின் தூப்பி மக்கள் ‘அகாஜு’ என்றதைப் போர்த்துகீசியர் ‘காஜு’ ஆக்கினர். கோவாவிலிருந்து அது இந்தியா முழுதும் பரவியது. 1578இல் வெளியான தம் மருந்துப்பொருள் நூலில் கிறிஸ்தோபல் அகோஸ்தா கொச்சியில் இம்மரத்தைக் கண்டதாக எழுதுகிறார். மலையாளிகள் ‘பறங்கிமாவு’ என்று வந்தவரின் பெயரையே மரத்துக்கு இட்டனர். தமிழ் மட்டும் ஏற்கெனவே இருந்த ‘முந்திரி’யை எடுத்து அதற்குக் கொடுத்தது. மலையாளத்தில் முந்திரி என்றால் இன்றும் திராட்சை. தமிழிலும் கொடிமுந்திரி என்றால் திராட்சையே.

முந்திரியைப் பற்றி உணவு நோக்கில் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. கொட்டைகளுள் மாவுச்சத்து மிகுந்தவற்றில் அது ஒன்று. 100 கிராமில் 25 முதல் 30 கிராம், அதில் நார்ச்சத்து மிகக் குறைவு. விலை உயர்ந்தது என்பதாலேயே அது நோயாளிக்கு உயர்ந்ததாகிவிடாது.

பாதாம் வந்தது தரைவழி. பெயர் பாரசீகம். சரக சம்ஹிதையில் அது ‘வாதாமம்’ என்னும் வடிவில் அக்ரோட்டுடனும் பிஸ்தாவுடனும் சேர்ந்து வருகிறது. காளிதாசனின் ரகுவம்சத்தில் படை யானைகள் கட்டப்படுவது காம்போஜ நாட்டு அக்ரோட் மரங்களில். கொட்டை என்றாலே வடமேற்கு எல்லைக்கு அப்பாற்பட்ட பொருள் என்னும் எண்ணம் மிகப் பழையது. முகலாயர் காலத்தில் அவ்வழி விரிந்தது. அபுல் ஃபசலின் அயினி அக்பரியில் பாதாமுக்கும் பிஸ்தாவுக்கும் விலைப்பட்டியலே இருக்கிறது. குளிர்காலத்தில் கைபர், கோமல் கணவாய்களின் வழியே இறங்கிவந்த ஆப்கானிய வணிகர்கள் அவற்றை மூட்டையில் சுமந்து கொல்கத்தா வரை சென்றனர். தாகூர் 1892இல் எழுதிய ‘காபூலிவாலா’ சிறுகதையின் நாயகர் அப்படிப்பட்ட ஒருவர்தான்.

அந்த மூட்டையில் பாதாம் தனியாக வரவில்லை. உலர்திராட்சை, உலர்ந்த பாதாமி, அத்தி எல்லாம் அதனுடன் வந்தன. விற்றவரும் ஒருவரே, கடையும் ஒன்றே. ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘மேவா’ என்று ஒரே பெயர் நிலைத்தது. பாரசீகத்தில் அச்சொல்லுக்குக் கனி என்று பொருள். இந்திய ஆங்கிலத்தில் அது ‘ட்ரை ஃப்ரூட்ஸ்’ ஆயிற்று. இங்கே பேகம் பஜாரில் தீபாவளிக்கு முன் இரண்டு வாரங்கள் நின்று பார்த்தால் அந்த வணிகப்பாதையின் வகைப்பாடு இன்றும் அட்டைப் பெட்டிகளில் அடைக்கப்படுவதைக் காணலாம்: ஒரு குழியில் பாதாம், அடுத்ததில் முந்திரி, அடுத்ததில் உலர்திராட்சை, அடுத்ததில் பேரீச்சை. உலர்திராட்சையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 79 கிராம் மாவுச்சத்து, அதிலும் பெரும்பகுதி நேரடிச் சர்க்கரை. ‘ட்ரை ஃப்ரூட்ஸ் உடம்புக்கு நல்லது’ என்று நீரிழிவு உள்ளவரிடம் கூறும் அன்பர்கள் எந்தக் குழியைச் சொல்கின்றனர் என்று கேட்டுக்கொள்வது நலம். தமிழிலும் நாம் பெரிதும் மேலானவர்கள் அல்லர். பாதாம் பருப்பு, முந்திரிப் பருப்பு, துவரம் பருப்பு: ‘தோல் நீக்கிய உள்விதை’ என்ற அளவில் மூன்றும் நமக்கு ஒன்று.

பாதாம் செல்வர் வீட்டுப் பண்டம் என்பதால் நிலக்கடலைக்கு ‘ஏழைகளின் பாதாம்’ என்னும் பெயர் வந்தது. இந்தியில் இது பழகிப்போன தொடர். கனிவுடன் சொல்லப்பட்டாலும் அதில் ஓர் இறக்கம் இருக்கிறது. எங்கள் தென்னாற்காட்டுப் பகுதியில் நிலக்கடலை முதன்மையாக உணவாக விளையவில்லை, சரக்காக விளைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகருக்கு மூட்டை மூட்டையாக அது சென்றது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. பின்னர் வனஸ்பதி ஆலைகள் வந்தன. எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பிண்ணாக்கு மாட்டுக்குப் போயிற்று. விளைவித்தவர் வீட்டில் அது அறுவடைக் காலத்துக் கொறிப்பு, அவ்வளவே. என் தாத்தா மல்லாட்டை பயிரிட்டவர். விருந்தினர் வந்தால் வீட்டில் விளைந்ததைத் தட்டில் வைக்கக் கூசி, கடையில் பிஸ்கட் வாங்கி வைத்த குடும்பம் எங்களுடையது. அப்பா பொட்டுக்கடலையை எடுத்ததற்குச் சொல் மட்டுமே காரணமா என்று சில வேளை ஐயுறுகிறேன். மருத்துவர் ஒருவர் மருந்துபோல் எழுதித் தரும் பொருளாக மல்லாட்டையை அவரால் கருத முடிந்திராது.

அதை விரும்பி முதன்மை உணவாக்கிக்கொண்ட புகழ்பெற்ற இந்தியர் ஒருவர் உண்டு. தென் ஆப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியும் காலன்பாக்கும் வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றுடன் பச்சை நிலக்கடலையை உண்டு வாழ்ந்தனர். காந்தியின் நோக்கம் பாலைத் தவிர்ப்பது, சமைத்த உணவைக் குறைப்பது. சர்க்கரைக் கணக்கு அன்று. 1918இல் கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தபோது அவர் பெரிதும் நிலக்கடலை வெண்ணெயையும் எலுமிச்சையையும் கொண்டே காலம் தள்ளி, வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். அவ்வெண்ணெயை அளவு மீறி உண்பது கெடுதல் என்று அறிந்தும் உண்டதாகச் சத்திய சோதனையில் அவரே ஒப்புக்கொள்கிறார். மாவுச்சத்து குறைவு என்பதால் அளவே தேவையில்லை என்று கருதும் இன்றைய நண்பர்களுக்கு இப்பகுதியை நான் பரிந்துரைப்பதுண்டு. 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 570 கலோரி இருக்கிறது. தம்ளர் கணக்கில் உண்ணத்தக்க பண்டமன்று அது. ஒரு கைப்பிடி, 30 கிராம், மாவுச்சத்து எட்டு கிராமுக்கு மிகாது. வறுத்ததோ அவித்ததோ எதுவாயினும் சரி. உப்பு குறைவாக இருந்தால் நல்லது. பூஞ்சை வாடை வீசுவதையும் சுருங்கி நிறம் மாறியதையும் எறிந்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தம் மருத்துவரைக் கேட்காமல் என் பதிவைக் கொண்டு எதையும் தொடங்க வேண்டாம்.

கடைகளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மசாலாக் கடலை என்று பொட்டலத்தில் விற்கப்படுவது பெரும்பாலும் நிலக்கடலைமேல் கடலைமாவுப் பூச்சு. இரு கடலைகளும் ஒரே உருண்டையில் ஒன்றுசேர்ந்துவிட்டன. தமிழில் இதைப் பிரித்துச் சொல்லவே நாக்கு தடுமாறும். கடலை எண்ணெய் நிலக்கடலையிலிருந்து வருகிறது. கடலை மாவு கொண்டைக்கடலையிலிருந்து. கடலை மிட்டாய் மீண்டும் நிலக்கடலை. கடலைப் பருப்பு மீண்டும் கொண்டைக்கடலை. பிறமொழியாளர் ஒருவர் இதற்கு விதி கேட்டால் என்னிடம் விடை இல்லை. சமையலறையில் வளர்ந்தவர்களுக்கு மயக்கம் வருவதில்லை என்பர். எங்கள் வீட்டில் வந்துவிட்டது.

கண் பரிசோதனைக்காகச் சென்ற மாதம் அப்பா இங்கே வந்திருந்தார். மாலையில் வீதி முனைக் கடைக்கு அழைத்துச் சென்றேன். கடைக்காரர் தெலுங்கில், “பல்லீலா, புட்னாலா?” என்று கேட்டார். அப்பா சட்டென்று தலையை நிமிர்த்திக் கடையின் சுவரைப் பார்த்தார். இவ்வூரில் பல்லீலு என்றால் நிலக்கடலை, புட்னாலு என்றால் பொட்டுக்கடலை என்று விளக்கியதும் சிறிது நேரம் சிரித்தார். பிறகு கடைக்காரர் எடைபோடும் வரை ஒன்றும் பேசவில்லை.

“இந்த ஊரு டாக்டருகிட்டப் போயிருந்தா இப்படி ஆயிருக்காதுல்ல” என்றார் திரும்பும் வழியில்.

ஊரில் அம்மா டப்பாவை மாற்றிவிட்டார். மூடியில் ஒரு தாளை ஒட்டி, கொட்டை எழுத்தில் ‘மல்லாட்டை, ஒரு கை’ என்று எழுதி வைத்திருப்பதாகப் படம் அனுப்பினார். அடுத்த இரத்தப் பரிசோதனை ஆவணி முதல் வாரத்தில்.